வாசனை இருக்கும்வரைதான் காவல்

மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் போதும், எங்கள் தெரு மருந்துக்கடையின் முன்மேசை பச்சை நிறமாகிவிடும். பள்ளிச் சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர், மணிக்கட்டில் மாட்டும் பட்டை, துணியில் தடவும் ரோல்-ஆன், உடம்பில் பூசும் க்ரீம் என எல்லாவற்றின் மேலும் ஓர் இலைப்படம் இருக்கும். போன கார்த்திகையில் என் அண்ணன் மகளுக்கு டெங்கு வந்து ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தாள். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த நாட்களில் அண்ணி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: “தினமும் ஸ்டிக்கர் ஒட்டித்தானே தம்பி அனுப்பினேன்?”

எந்தக் கொசு, எங்கே, எப்போது கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டிக்கர் மேல் பழி போடவும் முடியாது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தாவர எண்ணெய்கள் கொசுவை விரட்டுகின்றன என்பது உண்மை. பல ஆய்வுக்கூடங்களில், பல நாடுகளில், திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த உண்மை. நாம் கேட்காமல் விடுவது அதற்கு அடுத்த கேள்வியை: எவ்வளவு நேரத்துக்கு?

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். சில புட்டிகளில் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எசன்ஷியல் ஆயில் என்பதை அகராதி பார்த்து மாற்றியதால் வந்த பிழை அது. எசன்ஸ், அதாவது சாரம் என்ற பொருளில்தான் அந்தச் சொல் அங்கே வருகிறது. இலை, பூ, பட்டை, வேர் இவற்றின் வாசனைச் சாரம். நீலகிரியில் தைலம் காய்ச்சுவது என்று சொல்கிறார்களே, அந்த வேலைதான். கொப்பரையில் இலையைப் போட்டு அவித்தால், எழும் நீராவி இலைக்குள் இருக்கும் வாசனைப் பொருளையும் தூக்கிக்கொண்டு குழாய் வழியாக வரும். அந்த ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் கீழே நிற்க, எண்ணெய் மேலே மிதக்கும். நறுமண எண்ணெய் என்று சொன்னால் குழப்பம் இல்லை.

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் வேறு வகை. அவை செக்கில் ஆட்டி எடுக்கும் கொழுப்பெண்ணெய்கள். வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தாளில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டும், எலுமிச்சைப் புல் எண்ணெய் ஒரு சொட்டும் விட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய்க் கறை நாள்கணக்கில் அப்படியே இருக்கும். புல் எண்ணெயின் கறை மெல்ல மெல்லக் காய்ந்து பெரும்பாலும் போய்விடும். அது காற்றோடு போகும் எண்ணெய். காற்றில் கலப்பதால்தான் கொசுவின் உணர்கொம்பை எட்டுகிறது. அதே காரணத்தால்தான் கொஞ்ச நேரத்தில் நம் தோலை விட்டும் போய்விடுகிறது.

செடி இந்த எண்ணெயை நமக்காகச் செய்து வைப்பதில்லை. நின்ற இடத்தை விட்டு நகர முடியாத உயிர், தன்னைத் தின்ன வரும் பூச்சியைத் தடுக்க இலைக்குள் நுண்ணிய பைகளிலும் சுரப்பிகளிலும் இதைச் சேர்த்து வைக்கிறது. பூச்சி கடித்துப் பை உடைந்தால் எண்ணெய் வெளியே வரும். அதனால்தான் எலுமிச்சைப் புல்லைக் கசக்கினால் மணக்கிறது, சும்மா நிற்கும்போது அவ்வளவாக மணப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நொச்சியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இனி கொசுவின் பக்கம். கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர்க்க அதற்கு ரத்தத்தில் உள்ள புரதம் வேண்டும். நாம் மூச்சு விடும்போது வெளியேறும் கரியமில வாயு, தூரத்தில் இருக்கும் கொசுவுக்கு ‘இங்கே ஓர் உயிர் இருக்கிறது’ என்று சொல்கிறது. கிட்டே வந்ததும் வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலம், தோலில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வாசனைகள், உடம்புச் சூடு, ஈரப்பதம் எல்லாம் சேர்ந்து வழி காட்டுகின்றன. ஒரே பாயில் படுத்தாலும் ஒருவரை மட்டும் கொசு மொய்ப்பதற்குத் தோலின் வாசனை ஒரு முக்கியக் காரணம். ‘இனிப்பு ரத்தம்’ என்று நாம் சொல்வது ரத்தத்தின் ருசியைப் பொறுத்தது இல்லை.

விரட்டி இதில் எங்கே குறுக்கிடுகிறது? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் பாட்டர் குழுவினர் 2019இல் மலேரியா பரப்பும் ஒரு வகை அனோபிலிஸ் கொசுவின் உணர்கொம்பை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். நரம்பு தூண்டப்படும்போது ஒளிரும்படி அந்தக் கொசுக்களின் மரபணுவை மாற்றியிருந்தார்கள். எலுமிச்சைப் புல் எண்ணெயும், கிராம்பிலுள்ள யூஜெனாலும் பட்டபோது மோப்ப நரம்புகள் ஒளிர்ந்தன. கொசு அந்த வாசனையை நேரடியாக முகர்கிறது. டீட் என்ற செயற்கை விரட்டிக்கு அந்த நரம்புகள் ஒளிரவே இல்லை. ஆனால் மனித வாசனைப் பொருள்களோடு டீட்டைக் கலந்தபோது அந்த வாசனை ஆவியாகிக் காற்றில் கலப்பது குறைந்தது. ஆக, டீட் நம் வாசனையை மூடி வைக்கிறது. தாவர எண்ணெய் ‘கிட்டே வராதே’ என்று கொசுவிடம் கத்துகிறது. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கும்வரைதான் சத்தம். தாவர எண்ணெயின் பலமும் பலவீனமும் இப்படி ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

இதற்கு மிகப் பொருத்தமான சாட்சி சிட்ரோனெல்லா. எலுமிச்சைப் புல்லின் பங்காளி, அதே சிம்போபோகான் பேரினம். ஆனால் எலுமிச்சைப் புல்லில் முக்கியப் பொருள் சிட்ரால், இதில் சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும். இந்தப் புல்லின் கதை இலங்கையின் தென்கரையில் தொடங்குகிறது. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கத்தில் விளைந்த இதற்குச் சிங்களத்தில் பெங்கிரி என்று பெயர். மஹ பெங்கிரி, லெனபட்டு என்று அதில் இரண்டு வகை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோப்புக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் சிலோன் சிட்ரோனெல்லா கப்பல் கப்பலாகப் போனது. மஹ பெங்கிரி ஜாவாவுக்குப் போய் ‘ஜாவா சிட்ரோனெல்லா’ ஆனது. இலங்கையில் பெரும்பாலும் லெனபட்டு நிலைத்தது. ஜாவா வகையில் சிட்ரோனெல்லால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே இருக்கும், சிலோன் வகையில் பெரும்பாலும் 15 சதவீதத்துக்குள்தான். புட்டியில் ‘சிட்ரோனெல்லா’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வகை, எவ்வளவு வீரியம் என்று தெரியாது. வீட்டில் செய்து பார்த்தவர்களில் ஒருவர் ‘அருமை’ என்றும் இன்னொருவர் ‘ஒன்றுமே இல்லை’ என்றும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் படைவீரர்கள் கொசுவுக்கு இந்த எண்ணெயைத்தான் பூசிக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1948இல் பூச்சி விரட்டியாகப் பதிவானது. அதற்கு முன்பே, போர்க்காலத்தில், காட்டில் நாள் முழுக்க நிற்கும் வீரனுக்கு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் மருந்து வேண்டும் என்று அமெரிக்க இராணுவம் தேடியதன் விளைவாக வந்தது டீட். 1957 முதல் அது பொதுமக்கள் கைக்கும் வந்தது. சிட்ரோனெல்லா ஓரங்கட்டப்பட்டதற்கு விரட்டும் சக்தி இல்லாதது காரணம் இல்லை. அடிக்கடி பூச வேண்டியிருந்தது, அதுதான் காரணம்.

எத்தனை அடிக்கடி என்பதை எண்ணில் பார்ப்போம். இதைச் சோதிக்க ஒரு முறை உண்டு. கூண்டு நிறையப் பசித்த பெண் கொசுக்கள், விரட்டி பூசிய கையை அதற்குள் நீட்ட வேண்டும். முதல் கடி எப்போது விழுகிறது என்று கடிகாரம் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிமுறையில் ஒரு கூண்டுக்கு 200 முதல் 250 கொசுக்கள். மார்க் ஃபிராடின், ஜோனதன் டே என்ற இருவர் 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட சோதனை இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. 15 தன்னார்வலர்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசு. 23.8 சதவீத டீட் சராசரியாக 301.5 நிமிடம் காத்தது. சோயா எண்ணெய் கலந்த ஒரு தாவரத் தயாரிப்பு 94.6 நிமிடம். சிட்ரோனெல்லா கலந்த தயாரிப்புகள் எதுவும் 20 நிமிடத்தைத் தாண்டவில்லை.

அந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு வரி. மணிக்கட்டுப் பட்டைகளையும் சோதித்திருந்தார்கள். சிட்ரோனெல்லா ஊறிய பட்டை காத்தது 0.3 நிமிடம், அதாவது 18 நொடி. சரி, தாவர எண்ணெய்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் டீட் ஊறிய பட்டை காத்ததும் 0.2 நிமிடம்தான். ஐந்து மணிநேரம் காக்கும் அதே மருந்து, பட்டைக்குள் போனதும் பயனற்றுப் போனது. மணிக்கட்டில் இருக்கும் மருந்து முழங்கையைக் காக்காது. கொசுவிரட்டி எங்கே பூசப்பட்டிருக்கிறதோ அங்கிருந்து சில சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் அதன் ஆட்சி. அண்ணியின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்துவிட்டது. சட்டைப்பையின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், வகுப்பறை பெஞ்சுக்கு அடியில் இருக்கும் கணுக்காலை எப்படிக் காக்கும்? ஏடிஸ் கொசு தேடிப் போவது பெரும்பாலும் காலையும் பாதத்தையும்தான்.

கூண்டுச் சோதனை கடுமையானது என்பதையும் சொல்ல வேண்டும். நம் வீட்டு வராந்தாவில் ஒரே நேரத்தில் இருநூறு கொசு கையை மொய்ப்பதில்லை. ஆகவே வீட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கலாம். மறுபக்கம், வியர்வையும் மின்விசிறிக் காற்றும் சேர்ந்தால் அந்தக் கூடுதல் நேரமும் கரைந்துவிடும். மே மாதத்துச் சென்னையில் எந்த எண்ணெயும் தோலில் அதிக நேரம் நிற்காது.

ஏன் ஒரு பொருள் நிற்கிறது, இன்னொன்று பறக்கிறது? மூலக்கூற்றின் எடையும், அது பக்கத்து மூலக்கூறுகளோடு எவ்வளவு இறுக்கமாகக் கைகோக்கிறது என்பதும்தான் பெரும்பகுதி விளக்கம். சிட்ரோனெல்லால், சிட்ரால், யூகலிப்டால் எல்லாம் 10 கார்பன் அணு கொண்ட சின்ன மூலக்கூறுகள், சட்டென்று பறந்துவிடும். 15 கார்பன் கொண்டவை மெதுவாகப் போகும். வெட்டிவேர்த் தட்டி வெயில் காலம் முழுக்கத் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க மணப்பதன் ரகசியம் அதன் எண்ணெயில் 15 கார்பன் பொருள்கள் மிகுந்திருப்பதுதான். அந்த வகையைச் சேர்ந்த நூட்கடோன் என்ற பொருள் பப்ளிமாஸுக்கு உறவான கிரேப்ஃபுரூட் பழத்தோலிலும், ஒரு வகை அலாஸ்கா மரத்திலும் இருக்கிறது. வெட்டிவேரிலும் சிறிதளவு உண்டு. 2020 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைக் கொசுவுக்கும் உண்ணிக்கும் எதிரான பொருளாகப் பதிவு செய்தது. நாளைய விரட்டிகள் இந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பறப்பதைத் தாமதப்படுத்தவும் வழிகள் உண்டு. 2001இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் மஞ்சள், சிட்ரோனெல்லா, நாய்த்துளசி வகை ஒன்று ஆகியவற்றின் எண்ணெயில் 5 சதவீதம் வெனிலின், அதாவது ஐஸ்கிரீமில் போடும் அதே வெனிலா வாசனைப் பொருள், சேர்த்துப் பார்த்தார்கள். கூண்டுச் சோதனையில் காவல் 8 மணிநேரம் வரை நீண்டது. வாசனைத் திரவியம் செய்பவர்கள் தலைமுறைகளாகச் செய்யும் வேலைதான் இது: பறப்பதைக் கனமான ஒன்றோடு கட்டிப் போடுவது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் ஓரளவுக்கு இதைச் செய்யும். தேங்காய் எண்ணெயே கொசுவை விரட்டும் என்று சிலர் சொல்வதுண்டு. 2018இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வில் பூச்சிகளை விரட்டியது தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பமிலங்களின் கலவை. புட்டியில் இருக்கும் எண்ணெய் அந்த வேலையைச் செய்வதில்லை.

அப்புறம் யூகலிப்டஸ். இங்கேதான் நம் ஊரில் பெரிய குழப்பம். ஊட்டியிலிருந்து வாங்கி வரும் நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் குளோபுலஸ் மரத்தினுடையது. அதில் மிகுந்திருப்பது மூக்கடைப்பைத் திறக்கும் சினியோல், இன்னொரு பெயர் யூகலிப்டால். கொசு விஷயத்தில் உலகம் பேசுவது வேறு மரத்தை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த எலுமிச்சை வாசனை யூகலிப்டஸ், இப்போது கொரிம்பியா சிட்ரியோடோரா என்று அழைக்கப்படுவது. அதன் எண்ணெயிலும் சிட்ரோனெல்லால்தான் பெரும்பகுதி, ஆகவே அந்த எண்ணெயும் சீக்கிரம் பறந்துவிடும். ஆனால் 1960களில் சீனாவில் நூற்றுக்கணக்கான மூலிகைகளை வரிசையாகச் சோதித்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. எண்ணெயை வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் கழிவு நீரில் எண்ணெயைவிட நன்றாகக் கொசுவை விரட்டும் பொருள் இருந்தது. அதற்குச் சூவென்லிங் என்று பெயர் வைத்தார்கள். கொசுவை நன்றாக விரட்டுவது என்று அர்த்தம். வேதியியலில் அதன் பெயர் பாரா-மென்தேன்-3,8-டையால், சுருக்கமாகப் பிஎம்டி.

பிஎம்டியும் 10 கார்பன்தான். ஆனால் அதில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன, சர்க்கரையிலும் ஆல்கஹாலிலும் இருப்பது போல. அவை பக்கத்து மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் மெதுவாகவே ஆவியாகிறது. ஃபிராடின், டே குழுவின் சோதனையில் யூகலிப்டஸ் வகைத் தயாரிப்பு ஒன்று இரண்டு மணிநேரம் நின்றது. அடர்த்தி கூடிய தயாரிப்புகள் இன்னும் நீண்ட நேரம் நிற்கின்றன. 2005 முதல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி இதைப் பரிந்துரைக்கிறது. தாவரத்திலிருந்து வந்த விரட்டிகளில் இந்த இடத்தை முதலில் பிடித்தது இதுதான்.

கூண்டுக்கு வெளியே, மனிதர்கள் வாழும் இடத்தில் இது நோயைக் குறைக்குமா? எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பொலிவியாவின் அமேசான் பகுதியில் மலேரியா பரப்பும் கொசு, ஜனங்கள் வலைக்குள் படுக்கப் போகும் முன்பே, அந்தி நேரத்தில் கடிக்கும். வலை மட்டும் போதாது. லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நைஜல் ஹில் குழுவினர் அங்கே சில வீடுகளுக்குப் பிஎம்டி விரட்டியும் வேறு சில வீடுகளுக்கு விரட்டி இல்லாத பூச்சும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது. எல்லா வீட்டிலும் மருந்திட்ட வலை இருந்தது. 2007இல் வெளியான முடிவின்படி விரட்டி பூசியவர்களிடம் வைவாக்ஸ் வகை மலேரியா 80 சதவீதம் குறைந்தது. தாவரத்திலிருந்து பிறந்த ஒரு பொருள், சரியான நேரத்தில் பூசப்பட்டு, ஒரு நோயை இவ்வளவு குறைத்திருக்கிறது. ‘இயற்கை என்றாலே ஒப்புக்குத்தான்’ என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

இனி நம் வீட்டுப் பழக்கங்கள். சின்ன வயதில் பாட்டி வீட்டில், மாடு கட்டியதும் தொழுவத்தில் மூட்டம் போடுவார்கள். காய்ந்த எருமுட்டை மேல் வேப்பிலையும் நொச்சித் தழையும் பச்சையாகப் போட்டால் புகை தரையோடு படரும், மாடு வாலைச் சுழற்றுவதை நிறுத்திவிடும். அது வேலை செய்ததற்குக் காரணம் சூடு. நெருப்பு இலைக்குள் இருக்கும் எண்ணெய்ப் பைகளை உடைத்து ஆவியை வெளியே தள்ளுகிறது. புகையும் மனித, மாட்டு வாசனையைக் குழப்புகிறது. ஆனால் நான்கு பக்கமும் திறந்த தொழுவம் வேறு, ஜன்னல் சாத்திய படுக்கையறை வேறு. கொசுவத்திச் சுருளும் ஒரு செடியில்தான் தொடங்கியது, 1890களில் ஜப்பானில், பைரித்ரம் என்ற சாமந்தி வகைப் பூவின் பொடியில். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். மூடிய அறையில் நொச்சிப் புகையும் நுரையீரலுக்குப் புகைதான்.

நொச்சி மேல் நமக்குத் தனிப் பிரியம் உண்டு. புறத்திணை மரபில் மதிலைக் காத்து நின்றவர்கள் சூடிய பூ அது. சில ஆண்டுகளுக்கு முன் சென்னை மாநகராட்சி கால்வாய்க் கரையோர மக்களுக்கு நொச்சிக் கன்றுகளை வழங்கியபோது எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் நட்டு வைத்த செடி காவல் நிற்குமா? இலையின் பை உடையாமல் எண்ணெய் வெளியே வராது என்று முன்பு சொன்னேனே, அதுதான் சிக்கல். 1990களில் ‘கொசு விரட்டும் செடி’ என்று சிட்ரோசா என்ற ஒரு ஜெரானியம் வட அமெரிக்காவில் அமோகமாக விற்றது. ஃப்ளோரிடாவில் 1994இல் சோதித்தபோது செடி பக்கத்திலேயே இருந்தும் கொசு கடித்தது. மறுபக்கம், கென்யாவில் சோதனைக் குடிசைகளுக்குள் நாய்த்துளசி, உண்ணிச்செடி போன்றவற்றைத் தொட்டியோடு வைத்தபோது கடிக்க வரும் கொசு மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை குறைந்தது. சின்ன, காற்றோட்டம் குறைந்த இடத்தில் ஓரளவு பயன் இருக்கலாம் என்பதுதான் நேர்மையான பதில். திறந்த கால்வாய்க் கரையில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. நொச்சி வளர்க்க வேறு நூறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, வளர்ப்போம்.

வேப்பெண்ணெய் இந்தக் கூட்டத்தில் தனி ஆள். அது நறுமண எண்ணெய் இல்லை, அதனால் அவ்வளவு சீக்கிரம் பறப்பதும் இல்லை. 1993இல் டெல்லி மலேரியா ஆய்வு மையத்தின் வி.பி. சர்மா, அன்சாரி, ரஸ்தான் மூவரும் தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசிப் பார்த்தார்கள். அனோபிலிஸ் கொசுக்களிடமிருந்து 12 மணிநேரம் முழுப் பாதுகாப்பு என்று எழுதினார்கள். பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் அந்த உயரத்தை எட்டவில்லை. ஏடிஸ் கொசுவிடம் அதன் பலம் குறைவாகவே தெரிகிறது. அனோபிலிஸுக்கு 12 மணிநேரம் என்பதை டெங்குக் கொசுவுக்கும் 12 மணிநேரம் என்று படித்துவிடக் கூடாது.

மெழுகுவர்த்தி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2017இல் சிட்ரோனெல்லா மெழுகுவர்த்தியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது எந்தப் பலனும் தெரியவில்லை. பட்டைகளுக்கும் அதே முடிவு. டீட் தெளிப்பும் எலுமிச்சை யூகலிப்டஸ் தெளிப்பும் அதே சோதனையில் வேலை செய்தன.

பலன் தராதவை எப்படிக் கடைக்கு வருகின்றன? அமெரிக்காவில் 1996 முதல் சிட்ரோனெல்லா, எலுமிச்சைப் புல், ஜெரானியால், கிராம்பு போன்றவை ‘மிகக் குறைந்த ஆபத்து’ பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள பொருள்களால் மட்டுமே செய்த தயாரிப்புக்குக் கூட்டரசிடம் பதிவு வேண்டாம், எவ்வளவு நேரம் காக்கும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் நிரூபிக்கவும் வேண்டாம். ஆபத்து குறைவு என்பதால் தந்த சலுகை, பலன் உண்டு என்பதற்கான சான்று போலப் பலர் மனதில் பதிந்துவிட்டது. ஆபத்தில்லாததும் பலனுள்ளதும் ஒன்றில்லை. மணிக்கட்டில் மாட்டிய பட்டையை நம்பி அம்மா ஒருத்தி முழுக்கைச் சட்டையை எடுக்காமல் விடும்போது அந்தப் பட்டை தீங்கு செய்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஆபத்து குறைவு என்பதும் எல்லா எண்ணெய்க்கும் பொருந்தாது. நறுமண எண்ணெயை நேராகத் தோலில் தடவக் கூடாது. 38 எண்ணெய்களைத் தாய்லாந்தில் ஒப்பிட்ட 2005 ஆய்வில் கலப்பில்லாத கிராம்பு எண்ணெய்தான் 2 முதல் 4 மணிநேரம் வரை நின்று முதலிடம் பிடித்தது. அதே கிராம்பு எண்ணெய் அப்படியே பட்டால் குழந்தைத் தோல் எரிந்து சிவக்கும். இலவங்கப்பட்டை எண்ணெயும் அப்படித்தான். எலுமிச்சை, நாரத்தை வகைத் தோலைப் பிழிந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் கருகிக் கொப்புளிக்கும். பழைய புட்டியில் காற்றுப்பட்டு மாறிய எண்ணெய் ஒவ்வாமையைக் கூட்டும். எலுமிச்சை யூகலிப்டஸ் தயாரிப்புகளை 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குப் பூச வேண்டாம் என்பது சிடிசியின் அறிவுரை. எல்லாவற்றையும்விட முக்கியம்: யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். ஒரு தேக்கரண்டி தைலம்கூட ஆபத்து. இருமல் மருந்துப் புட்டி பக்கத்தில் தைலப் புட்டியை வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே மாற்றுங்கள்.

இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு அண்ணியிடம் போய் உட்கார்ந்தேன். ராத்திரி கடிக்கும் கியூலெக்ஸ் கொசுவுக்கு வலை போதும் என்றேன். திண்ணையில் ஒரு மணிநேரம் உட்காரும்போது, 90 மில்லி தேங்காய் எண்ணெயில் 10 மில்லி சிட்ரோனெல்லா கலந்து, முதல் நாள் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒவ்வாமை பார்த்துவிட்டு, கால் கைகளில் பூசலாம், அரை மணிக்கொருமுறை திரும்பப் பூச வேண்டும். ஏடிஸ் அப்படி இல்லை. காலையில் வெளிச்சம் வந்த பிறகும், மாலையில் இருட்டுவதற்கு முன்பும் அதிகமாகக் கடிக்கிறது. பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்கும் நேரமும், திரும்பி வந்து தெருவில் விளையாடும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் அரை மணிக்கொருமுறை யார் போய்ப் பூசுவது? அங்கே வேண்டியது முழுக்கால் உடையும், மணிக்கணக்கில் நிற்கும் பிஎம்டியோ டீட்டோ பிக்காரிடின் என்ற இன்னொரு செயற்கை விரட்டியோ. ஏடிஸ் பிறக்கும் இடமும் தூரத்தில் இல்லை: மொட்டைமாடித் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை.

அண்ணி இப்போது கடையில் புட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கிறார். உள்ளே இருக்கும் பொருளின் பெயரும் சதவீதமும், எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும் என்பதும் இருந்தால் வாங்குகிறார். இலைப்படம் மட்டும் இருந்தால் மேசையிலேயே வைத்துவிட்டு வருகிறார்.